உன் அம்மாவின் மூக்கோரத்து மச்சம்

அன்பு வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே நலம், நீயும் உன் வீட்டுக்காரரும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் எங்களுக்கு எந்த நேரமும் நினைப்பு. வழக்கமாக இந்த நலத்தைக் கை போகிற போக்கில் எழுதிவிடுவேன். இன்று காலை பதினொரு மணிக்கு டாக்டரம்மா வாயால் கேட்டுவிட்டு எழுதுகிறேன், அதனால் நீ நம்பலாம். சோதனைக் காகிதம் வந்துவிட்டது. வெட்டி எடுத்ததின் ஓரமெல்லாம் சுத்தமாக இருக்கிறதாம், உள்ளே எதுவும் மிச்சமில்லையாம். உன் அம்மா அதைக் கேட்டுவிட்டு, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டு, அடுத்த நிமிடமே நான் டீயை ஆறவிட்டதற்குத் திட்ட ஆரம்பித்தாள். நான்தான், அவள் எழுந்ததும், வாடிக்கையாளர்களை உட்காரவைக்கும் அந்தத் திருகு ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன்.

போனில் நீ கேட்டபோதெல்லாம் சின்ன விஷயம், சின்ன வெட்டு, ஏழு தையல் என்று மட்டும்தான் சொன்னேன். முழுக்கதையைப் போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் உளறுவேன், பக்கத்தில் உன் அம்மா நின்றுகொண்டு அப்படி இல்லை இப்படி என்று வரிக்கு வரி திருத்துவாள். அதனால் அவளைக் காய்கறி வாங்க அனுப்பிவிட்டு, ஸ்டூடியோ கதவைப் பாதி சாத்திக்கொண்டு எழுதுகிறேன். உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய குற்றம் ஒன்று என்னிடம் இருக்கிறது, அதையும் எழுதினால்தான் எனக்கு மனசு ஆறும்.

அந்தப் புள்ளி வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. இடது மூக்கோரத்தில், கன்னம் தொடங்குகிற இடத்தில், முதலில் கடுகளவு கறுப்பு. இந்த வயசில் புதுசாக மச்சம் வந்தால் யோகம் என்று பக்கத்துக் கடைக் கடிகாரக்காரர் சொன்னார், உன் அம்மாவும் வரட்டுமே என்று இருந்துவிட்டாள். யோகம் வரவில்லை, மச்சம்தான் மிளகளவுக்கு வளர்ந்தது. முகம் துடைக்கும்போது சில நாள் துண்டில் சொட்டு ரத்தம் படும், பொருக்குத் தட்டும், ஆறும், பத்து நாள் கழித்து மறுபடி படும். கேட்டால் நகம் பட்டுவிட்டது என்பாள். இத்தனையும் நடக்க உனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று நீ கேட்பாய். வீடியோவில் பேசும்போது உன் அம்மா போனைப் பிடிக்கிற அழகு உனக்குத் தெரியாததா, பாதி நெற்றியையும் மேலே சுற்றுகிற விசிறியையும்தான் நீ பார்த்திருப்பாய். அவள் முகத்தை முழுதாக நீ பார்த்தது நான் மாதாமாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை எடுத்து அனுப்புகிற படத்தில்தான். அந்தப் படங்களில் புள்ளி இருக்காது, நான் அதை அழித்துவிட்டுத்தான் அனுப்புவேன்.

ஆமாம் கண்ணு, நான்தான். முப்பத்து நான்கு வருடமாக எனக்கு அதுதானே பிழைப்பு. பருவை எடுப்பது, கண்ணுக்குக் கீழே கறுப்பை வெளுப்பது, கழுத்துச் சுருக்கத்தை நீவிவிடுவது, இதையெல்லாம் யாரும் கேட்காமலே செய்வேன், செய்யாவிட்டால்தான் திட்டு விழும். பாஸ்போர்ட் படத்தில் மட்டும் கை வைக்கக்கூடாது என்று சட்டம், மற்றபடி எந்த முகமும் இந்தக் கடையிலிருந்து வந்தபடியே திரும்பிப் போனதில்லை. உன் அம்மா படத்தைத் திறந்தால் முதலில் அந்தப் புள்ளிமேல்தான் மவுஸ் போகும், ஒரு சொடுக்கு, போயிற்று. அத்தனை தூரத்தில் இருக்கிற பெண், அம்மா பளிச்சென்று இருக்கிறாள் என்று பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்றுதான் செய்தேன். நீயும் ஒவ்வொரு தடவையும் அம்மாவுக்கு வயசே ஆகவில்லை என்று எழுதுவாய், நான் அதை இரண்டு தரம் அவளுக்குப் படித்துக் காட்டுவேன்.

அப்புறம் ஒரு நாள் உன்னிடம் பேசிக்கொண்டிருக்கும்போது தலையணை உறையில் ரத்தக் கறை போகமாட்டேன் என்கிறது, என்ன சோப்பு போடலாம் என்று வாய்தவறிக் கேட்டுவிட்டாள். அவ்வளவுதான், நீ பிடித்துக்கொண்டு, இரண்டு வருடக் கதையையும் கேட்டு வாங்கிவிட்டாய். இங்கே தோல் டாக்டர் கிடையாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் ஐந்து மணி நேரம், அங்கேயும் மூன்று மாதம் கழித்துத்தான் நாள் கொடுப்பார்கள், ஒரு மச்சத்துக்காக இவ்வளவு அலைச்சலா என்று அவள் ஒரேயடியாக மறுத்தாள். நானும் அவளுக்குத்தான் ஒத்து ஊதினேன், மறைப்பானேன். நீதான் விடவில்லை. வீடியோவிலேயே பார்க்கிற டாக்டரைத் தேடிப் பிடித்து, நாள் வாங்கி, படிவத்தை நீயே நிரப்பி, எந்த நேரத்தில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது வரைக்கும் எனக்கு எழுதி அனுப்பினாய். சின்ன வயசில் உன் பிடிவாதத்துக்கு நான் திட்டிய திட்டு கொஞ்சமா, அத்தனையையும் இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

டாக்டர் முன்கூட்டியே மூன்று படம் கேட்டிருந்தார் இல்லையா, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, கிட்டத்தில் ஒன்று. நல்ல காமிராவில் அருமையாகத்தான் எடுத்தேன். அன்றைக்குப் பார்த்துப் பள்ளிக்கூடத்து அடையாள அட்டை வேலை, நாற்பது பிள்ளைகளின் முகம். நாற்பதையும் முடித்த சூட்டோடு நாற்பத்தொன்றாவதாக உன் அம்மாவைத் திறந்தேன். படம் பெரிதாக இருக்கிறது, ஏறாது என்று கம்ப்யூட்டர் சொன்னது, சின்னதாக்கி நீ கொடுத்த இடத்தில் ஏற்றிவிட்டேன். நடுவில் என் கை என்ன செய்தது என்று எனக்கே தெரியாது. புள்ளியைக் காட்டுவதற்கென்றே டாக்டருக்கு அனுப்புகிற படம், மூன்றிலும் அந்தப் புள்ளியைத் துடைத்து எடுத்துவிட்டு அனுப்பியிருக்கிறேன். உலகத்தில் வேறு எந்தத் தொழில்காரனாவது இப்படி ஒரு காரியம் செய்வானா, நீயே சொல்.

வீடியோ நாள் வந்தது. வீட்டைவிடக் கடையில் சிக்னல் நன்றாக வரும் என்பதால் அங்கேயே வைத்துக்கொண்டோம். போனைக் காமிரா நிற்கிற முக்காலியில் மாட்டி, உன் அம்மாவை ஸ்டூலில் உட்காரவைத்து, பின்னால் வெள்ளைத் துணியை இறக்கி, குடை விளக்கு இரண்டையும் இரண்டு பக்கமும் போட்டேன். டாக்டருக்கு நன்றாகத் தெரிய வேண்டுமே என்று எனக்கு அக்கறை. உன் அம்மாவுக்கு வேறு அக்கறை, கண்ணாடிக்குக் கீழே வாடிக்கையாளர்களுக்கு வைத்திருக்கிற பவுடர் டப்பாவை எடுத்து முகம் முழுக்கப் பூசிக்கொண்டாள், பெரிய டாக்டர் முன்னால் எண்ணெய் வடிய உட்கார முடியுமா என்றாள். சரியாகச் சொன்ன நேரத்துக்கு டாக்டரம்மா திரையில் வந்தார். உன் வயசுதான் இருக்கும், தலைமுடியைத் தூக்கிக் கட்டி, அதில் ஒரு பேனாவைச் செருகியிருந்தார். சர்க்கரை இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, படங்களில் ஒன்றுமே இல்லையே அம்மா, எந்த இடம் என்று கேட்டார். உன் அம்மா விரல் வைத்துக் காட்டினாள். அங்கே பவுடரும் என் விளக்குகளின் வெளிச்சமும் சேர்ந்து முகம் பீங்கான் தட்டு மாதிரி இருந்தது. டாக்டரம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, படத்தை மட்டும் பார்த்திருந்தால் ஒன்றுமில்லை, களிம்பு போடுங்கள் என்று எழுதி முடித்திருப்பேன், படிவத்தில் உங்கள் மகள் இரண்டு வருடமாக ரத்தம் வந்து வந்து ஆறுகிறது என்று எழுதியிருக்கிறார், அந்த ஒரு வரிக்காகத்தான் இப்படி நேருக்கு நேர் பார்த்தே ஆக வேண்டும் என்று வீடியோவில் வந்தேன் என்றார்.

திரும்பிக் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். நான் அனுப்பிய மூன்று படத்தையும் திறந்தேன், மூன்றிலும் புள்ளி இல்லை. நானே போனுக்கு முன்னால் போய் நின்று, டாக்டர், நான்தான் அழித்துவிட்டேன், பழக்கதோஷம் என்று சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் திட்டுவார் என்று நினைத்தேன், சிரிப்பார் என்றும் நினைத்தேன், இரண்டும் செய்யவில்லை. "சரி சார், விடுங்க. இப்ப நேர்லதான பார்க்கிறோம், இத அழிக்க முடியாதுல்ல. அம்மாவ முகம் கழுவிட்டு வரச் சொல்லுங்க, நீங்க அந்த லைட்ட எல்லாம் அணைங்க" என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் டார்ச்சை எடுத்துப் பக்கவாட்டில் பிடிக்கச் சொன்னார். பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால் முகத்தில் இருக்கிற மேடு பள்ளமெல்லாம் எழுந்து நிற்கும், அதற்குப் பயந்தே முப்பத்து நான்கு வருடமாக நான் எந்தப் பெண்பிள்ளைக்கும் போடாத வெளிச்சம் அது. அங்கிருந்து அவர் சொல்லச் சொல்ல இங்கே நான் டார்ச்சை ஏற்றினேன், இறக்கினேன், உன் அம்மா கன்னத்தை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்தாள். நடுவில் ஒரு தடவை படம் உறைந்து டாக்டரம்மா வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார், பாவம் பிள்ளைக்கு என்ன ஆச்சோ என்று உன் அம்மா பதறினாள். இன்னும் கிட்டத்தில் வேண்டும், ஆனால் கிட்டே வந்தால் மங்குகிறது என்றார். அங்கேதான் என் தொழிலுக்கும் ஒரு மரியாதை கிடைத்தது. அச்சுப் போட்ட படத்தைச் சோதிக்கிற உருப்பெருக்கிக் கண்ணாடி இருக்கிறதே, அதைப் போனுக்கு முன்னால் பிடித்தேன். அப்படியே பிடியுங்கள் சார், மூச்சுகூட விடாதீர்கள் என்றார், நானும் விடவில்லை. திரை முழுக்க அது தெரிந்தது. தட்டின் விளிம்பு மாதிரி ஓரம் உயர்ந்து, மெழுகு மாதிரிப் பளபளத்து, நடுவில் சின்னக் குழி, மேலே நூல் நூலாகச் சிவப்பு. தினம் பார்க்கிற முகத்தில் இத்தனையும் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

எவ்வளவு நாளில் எவ்வளவு வளர்ந்தது என்று தெரிய வேண்டும், பழைய படம் ஏதாவது அழிக்காமல் இருக்கிறதா என்று கேட்டார். உனக்குத்தான் தெரியுமே, நான் கை வைத்த படம் தனி, கை வைக்காத மூலப்படம் தனி என்று ஒன்றையும் தூக்கிப் போடமாட்டேன், உன் அம்மா குப்பைக்கிடங்கு என்று சொல்வாளே அந்த ஹார்ட் டிஸ்க் பெட்டி. மாதத்துக்கு ஒன்றாக இருபத்தாறு மூலப்படம் இருந்தது. போனைக் கம்ப்யூட்டர் திரைக்கு நேராகத் திருப்பி ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். கடுகு, அப்புறம் கொஞ்சம் பெரிய கடுகு, மிளகு, ஓரம் எழும்பிய மிளகு. டாக்டரம்மா தேதியோடு குறித்துக்கொண்டே வந்தார். அது வளர வளர மாதம் தவறாமல் படம் எடுத்து, மாதம் தவறாமல் என் கையாலேயே அழித்திருக்கிறேன் கண்ணு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை இருபத்தாறு தடவை செய்திருக்கிறேன், அதுவும் உனக்கு. அன்று எனக்கு வந்த வெட்கமும் பயமும் இந்த ஜென்மத்தில் வந்ததில்லை. ஆனால் டாக்டரம்மா என்ன சொன்னார் தெரியுமா, எந்த நோயாளியும் இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு வைத்துக்கொண்டு வந்ததில்லை சார், இதை நான் ஆஸ்பத்திரிக்கு எழுதும் கடிதத்தோடு சேர்க்கிறேன் என்றார். என் மனசு தெரிந்து சொன்னாரோ உண்மையாகவே சொன்னாரோ, அவருக்குப் புண்ணியம்.

பிறகு நிதானமாக விஷயத்தைச் சொன்னார். இது தோலில் வருகிற ஒருவகைப் புற்றுநோய் மாதிரித் தெரிகிறது, மெதுவாக வளரும் ஜாதி, பெரும்பாலும் உடம்பில் வேறு இடத்துக்கு ஓடாது, ஆனால் விட்டுவைத்தால் இருக்கிற இடத்தையே அரித்துக்கொண்டு போகும், மூக்கு, அதற்கு மேலே கண். வெட்டிச் சோதித்தால்தான் உறுதி என்றார். உன் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், என் மூக்கு இருக்குமா டாக்டர் என்று. "இப்பவே வந்துட்டீங்க, இருக்கும்மா. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா என்னால இப்படிச் சொல்ல முடியாது" என்றார். அன்று மாலைக்குள் ஆஸ்பத்திரிக்கு அவர் கடிதம் போய்விட்டது, மூன்று மாதம் காத்திருக்க வேண்டிய இடத்தில் ஒன்பதாம் நாள் வரச் சொன்னார்கள்.

அந்த ஒன்பது நாளும் கடை திறந்திருந்தது, ஆனால் ஒரு முகத்தையும் என்னால் தொட முடியவில்லை. எடுத்ததை எடுத்தபடி அச்சுப் போட்டுக் கொடுத்தேன். தையல்கடைக்காரம்மா வந்து, என்ன சார் என் முகத்தில் இத்தனை பரு, உங்களுக்குக் கண் தெரியவில்லையா என்று சண்டை போட்டுவிட்டுப் போனார். ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில்தான் உன் அம்மாவிடம் வாய் திறந்தேன், என்னை மன்னித்துவிடு, உன் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை என்று. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள். "நீங்க அழிக்கிறது எனக்குத் தெரியாதாக்கும்? கண்ணாடியப் பார்த்தா பயமா இருக்கும். உங்க படத்தப் பார்த்தா ஒண்ணும் இருக்காது. அதனால கண்ணாடி பார்க்கிறதையே விட்டுட்டேன், உங்க படத்தையே பார்த்துக்கிட்டு இருந்துட்டேன்." எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை, பஸ் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். முன் இருக்கைக்காரர் எனக்கு வாந்தி வருகிறது என்று நினைத்து ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார், உன் அம்மா அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள், எதற்காவது ஆகும் என்று.

ஆபரேஷன் ஒரு மணி நேரம்தான். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்துவிட்டு வெட்டினார்கள், முழு விழிப்போடு படுத்திருந்தவள் தையல் போடுகிற டாக்டரிடம், சின்னச் சின்னத் தையலாகப் போடுங்கள் தம்பி, பெரிதாகப் போட்டால் சுருங்கும் என்று யோசனை சொன்னாளாம். கட்டுப் போட்ட நர்ஸம்மா வெளியே வந்து சிரித்துக்கொண்டே சொன்ன பிறகுதான் எனக்குப் போன உயிர் வந்தது. நாங்கள் இல்லாத இரண்டு நாளும் கடிகாரக்காரர் நம் கடையைத் திறந்து வைத்து, இரண்டு பேருக்குப் பாஸ்போர்ட் படமும் எடுத்திருக்கிறார், இரண்டிலும் உச்சந்தலை இல்லை. யோகம் என்று சொன்ன வாய்க்கு இது பிராயச்சித்தம் என்கிறார். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, நன்றிதான்.

இன்று காலை மறுபடி அதே ஸ்டூல், அதே போன். இந்தத் தடவை பவுடரும் இல்லை, குடை விளக்கும் இல்லை, ஜன்னலோரம் உட்காரவைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு நான் தயாராக நின்றேன், டாக்டரம்மா பார்த்ததும் சிரித்துவிட்டார். தழும்பு நன்றாக ஆறியிருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இப்படியே காட்டுங்கள், வெயிலில் போனால் அகலத் தொப்பி போடுங்கள் என்றார். இந்தப் பக்கம் வந்தால் உங்களை ஒரு நல்ல படம் எடுத்துத் தருகிறேன் என்று ஏதோ சொன்னேன். எடுங்கள் சார், ஆனால் என் கன்னத்தில் அம்மைத் தழும்பு ஒன்று இருக்கிறது, அதை எடுத்துவிடாதீர்கள் என்றார். எங்கேயோ ஒரு ஊரில், ஒரு கண்ணாடித் துண்டுக்குள் இருந்துகொண்டு, வீட்டுக்குள்ளேயே இருந்த நான் பார்க்காததைப் பார்த்துச் சொன்ன பெண். நீ கும்பிடும்போது அவரையும் நினைத்துக்கொள்.

இனி உனக்கு. இருமல் நின்றதா இல்லையா என்று நீ சொல்லவே இல்லை. காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. உன் பிடரியில் பிறந்தபோதே ஒரு மச்சம் உண்டு, அது பழையபடி இருக்கிறதா என்று உன் வீட்டுக்காரரைப் பார்க்கச் சொல். இன்னொன்று. போன மாதம் நீ அனுப்பிய படத்தில் உன் கண்ணுக்குக் கீழே ஒரு நிழல்கூட இல்லை. வேலை அதிகம், ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை என்று நீ அம்மாவிடம் சொன்ன அதே வாரம் எடுத்த படம். இந்த வேலையில் தலை நரைத்தவன் நான், என்னிடமா. உன்மேல் கோபமில்லை, யாரிடம் கற்றாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் இனி எங்களுக்கு அனுப்பும் படத்தில் எதையும் அழிக்காதே. கறுப்பு இருந்தால் இருக்கட்டும், பரு இருந்தால் இருக்கட்டும், தூரத்தில் இருக்கிற எங்களுக்கு அதுதானே சேதி.

இதோடு உன் அம்மா படம் ஒன்று வைத்திருக்கிறேன், இன்று மத்தியானம் ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தது. தழும்பு மூக்கோரத்திலிருந்து கன்னத்துக்கு இறங்குவது நன்றாகத் தெரியும். நான் ஒன்றையும் தொடவில்லை. காதோரத்து நரையையாவது எடுத்துவிடுங்களேன் என்று கெஞ்சினாள், அதையும் எடுக்கவில்லை. இதோ காய்கறிப் பையோடு வந்துவிட்டாள், கடிதத்தில் கொஞ்சம் இடம் விடச் சொல்கிறாள்.

நீயும் உன் வீட்டுக்காரரும் நோய்நொடி இல்லாமல், மனசு ஒத்து, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். பதிலோடு ஒரு படம் வரவேண்டும், மறக்காதே.

உன்னை நினைத்துப் பெருமைப்படும்,
அப்பா

வாலு, அம்மா எழுதுறேன். அப்பா இவ்வளவு பக்கம் என்னத்த எழுதினாரோ, என்னப் படிக்க விடமாட்டேங்கிறாரு. எல்லாத்தையும் தன் தலையிலயே போட்டு எழுதியிருப்பாரு, நம்பாத, பாதி என்மேலயும் இருக்கு. படத்தப் பார்த்து அழக்கூடாது. கொஞ்சம் கிழவியாத்தான் தெரியுறேன், தெரிஞ்சா என்ன. நான் இப்ப தினமும் கண்ணாடி பார்க்கிறேன்.